கை ஒரு நிலைக்கு வரட்டும், புத்தி வளரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

கேள்வி இது: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு நாலரை வயது, மூளை முடக்குவாதம். கை கால் இறுக்கம். எதையாவது எடுக்கப் போனால் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. பேச்சு இல்லை, 'ம்மா' மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். ஆனால் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். படத்தைத் தொட்டால் பேசுகிற ஆப் போடலாமா என்று கேட்டதற்கு, "முதலில் கை ஒரு நிலைக்கு வரட்டும், புத்தியும் மூன்று வயது அளவுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அப்பத்தாவோ, படத்தைக் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வரவே வராது என்கிறார்.

மதுரையில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரோடு அடிக்கடி என்னிடம் வரும். பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். பையனின் கை எப்படி இருக்கிறது, அறிவு எந்தப் படியில் இருக்கிறது என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால் அவற்றைப் பார்ப்பது எந்த வழியில் தொடங்குவது, படத்தைத் தொட்டுப் பேசுகிற பலகையில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்காக. தொடங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

'புத்தி வந்த பிறகு' என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்றால், 1970, 80களில் எங்கள் துறையிலேயே அப்படித்தான் நினைத்தார்கள். மறைத்து வைத்த பொருளைக் குழந்தை தேடுகிறதா, ஒன்றைச் செய்தால் இன்னொன்று நடக்கும் என்று தெரிகிறதா என்று குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொன்ன படிகளை வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறாத குழந்தைக்கு மாற்றுவழித் தொடர்பு, அதாவது படம், சைகை, கருவி வழியாகப் பேசுவது, கிடையாது. பிறகு அதைக் கைவிட்டார்கள். காரணம் எளிது. அந்தத் திறன்களே பேசிப் பழகுவதால்தான் பாதி வளர்கின்றன. பேசப் போகிற குழந்தையிடம் பிறந்த நாளிலிருந்து ஒரு வருடம் எல்லோரும் பேசித் தீர்க்கிறோம். 'உனக்குப் புத்தி வந்ததும் பேசுகிறேன்' என்று யாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. படத்தில் பேசப் போகிற குழந்தைக்கு மட்டும் ஏன் அந்த வருடத்தைக் கொடுக்க மறுக்க வேண்டும்?

அப்பத்தாவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து, நம்பத்தக்க முறையில் கவனிக்கப்பட்ட 27 பேரின் விவரத்தை 2006-இல் வெளியிட்டார்கள். படம், சைகை, கருவி என்று ஏதோ ஒன்றைக் கற்ற பிறகு 89 சதவீதம் பேருக்கு வாய்ப்பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடியதும் பெரிய அளவில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகை வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பேச்சு நின்றுவிடும் என்பதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 'மூன்று வயது அளவு' என்ற கணக்கு. அதை எப்படி அளந்தார்கள் என்று கேட்டீர்களா? நம் ஊரில் பல இடங்களில் சேகுயின் ஃபார்ம் போர்டைத்தான் எடுத்து வைப்பார்கள். வட்டம், நட்சத்திரம் என்று மரத்துண்டுகளை அந்தந்தக் குழியில் பொருத்த வேண்டும், எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார்கள். கை முறுக்கிக்கொள்கிற பிள்ளைக்கு அது புத்தியை அளக்காது, கையைத்தான் அளக்கும். வாயால் பதில் சொல்ல வேண்டிய சோதனைகளும் அப்படியே. நட்சத்திரக் குழியை ஒரு நொடியில் கண்ணால் பார்த்துவிட்டு, கட்டையைக் கொண்டுபோக முடியாமல் தவிக்கிற குழந்தைக்கும், குழியே தெரியாத குழந்தைக்கும் காகிதத்தில் ஒரே மதிப்பெண் விழும். அந்த மதிப்பெண்ணை வைத்துக் கொடுக்கிற சான்றிதழ் உதவித்தொகைக்குப் பயன்படும், பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அதற்காக அறிவு வளர்ச்சியில் அவனுக்குப் பின்தங்கலே இருக்காது என்றும் சொல்ல வரவில்லை. கை கால் ஓடாததால் அறிவுக்கும் நஷ்டம் உண்டு. தவழ்கிற குழந்தை கரண்டியை நூறு தடவை கீழே போட்டுப் பார்க்கிறது, அடுப்படிக்குப் போய்த் திட்டு வாங்குகிறது, கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. 'நான் செய்தால் ஏதோ நடக்கிறது' என்பதை அப்படித்தான் கற்கிறது. உங்கள் மகனுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. அதைவிட மோசமானது, கேட்காமலே எல்லாம் கிடைப்பது. நாம் பாசத்தில் முன்கூட்டியே ஊட்டிவிடுகிறோம், தூக்கிவிடுகிறோம். எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்று குழந்தை ஒரு கட்டத்தில் முயற்சியை விட்டுவிடும். பார்க்கிறவர்கள் மந்தம் என்பார்கள். ஆகவே பலகைக்கு முன்னாலேயே அவனால் ஏதாவது நடக்க வேண்டும். அந்த 'ம்மா' சத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி திரும்பிப் பாருங்கள், "என்னடா தம்பி?" என்று கேளுங்கள். பேட்டரி பொம்மை ஒன்றில் ஒயரை வெளியே எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான் சுவிட்ச் வைத்துத் தரத் தெரிந்த எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருப்பார். பேட்டரியில் ஓடுவது மட்டும்; வீட்டுக் கரண்டில் எதையும் இணைக்க வேண்டாம்.

அடுத்ததைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. மாற்றுவழித் தொடர்பில் ஒவ்வொரு முறையும் கைக்கு ஒரு பங்கு வேலை, மனதுக்கு ஒரு பங்கு வேலை. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். படத்தை நேராகத் தொடுவது மனதுக்கு லேசு: வேண்டும், தொட்டேன், கிடைத்தது. கைக்கு அது பாரம். கையால் முடியாத பிள்ளைக்கு ஸ்கேனிங் என்று ஒரு முறை உண்டு. திரையில் ஒவ்வொரு படமாக வெளிச்சம் நகரும், தனக்கு வேண்டியது வரும்போது சுவிட்சைத் தட்ட வேண்டும். கைக்கு ஒரே ஒரு அசைவு, அவ்வளவுதான். ஆனால் மனதில் என்னென்ன நடக்க வேண்டும் பாருங்கள். சொல்ல வந்ததை நினைவில் பிடித்துக்கொண்டு, வேண்டாத படங்கள் போகும்வரை கையைக் கட்டுப்படுத்தி, சரியான நொடியில் அசைத்து, தவறினால் அடுத்த சுற்றுக்குப் பொறுத்திருக்க வேண்டும். உடல் குறைபாடு எதுவும் இல்லாத சின்னக் குழந்தைகளே ஸ்கேனிங்கில் நேராகத் தொடுவதைவிட அதிகம் தப்பு செய்கிறார்கள். வரிசையாக, பிறகு கட்டமாக என்று இரண்டு படியில் நகரும் ஸ்கேனிங் மூன்று வயதுக் குழந்தைக்கு ரொம்பவே கஷ்டம். 'கை வரவில்லையா, சுவிட்ச் கொடு' என்று சட்டென்று முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சைக்கிள் பழகுகிற பையனிடம் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் இரண்டும் போய்விடும். அதேபோல, கைக்குப் புதிய வேலை வைக்கிற நாளில் மனதுக்குப் பழைய வேலையைக் கொடுங்கள். புது இடத்தைத் தொடப் பழக்கும்போது நன்றாகத் தெரிந்த, பிடித்த படத்தை வையுங்கள். புதுச் சொல் கற்றுக்கொடுக்கும்போது அவனுக்கு எது மிகச் சுலபமான அசைவோ, கண்பார்வையோ தலையாட்டலோ, அதில் பதில் வாங்குங்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே, 'ஒரு நாள் செய்கிறான், மறுநாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்கிறான்' என்ற குழப்பம் பெருமளவு தீரும்.

கைக்கு வருவோம். கையைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைப் பாருங்கள். இடுப்பு சறுக்கினால், கால் தொங்கினால், உடம்பின் முழுக் கவனமும் விழாமல் இருப்பதற்கே செலவாகும், விரலுக்கு மிச்சம் இருக்காது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை ஒட்டி, முழங்கால் மடங்கி, பாதம் முழுதும் ஒரு பலகையிலோ குட்டி ஸ்டூலிலோ பதிய வேண்டும். மடியில் குறுக்கே ஒரு துணிப்பட்டை, முன்னால் முழங்கை ஊன்ற ஒரு தட்டுப்பலகை. உங்கள் பிசியோவிடம் காட்டிவிட்டு ஊர் ஆசாரியிடமே செய்துகொள்ளலாம்.

அப்புறம், மகன் தலையை ஒரு பக்கம் திருப்பும்போது அந்தப் பக்கக் கை விறைத்து நீள்கிறதா, மறுபக்கக் கை மடங்குகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழந்தைக்கும் பிறந்த முதல் மாதங்களில் இது இருக்கும், ஆறு மாத அளவில் மறைந்துவிடும். மூளை முடக்குவாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு மறையாமல் தங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் படத்தை ஓரத்தில் காட்டினால், பார்க்கத் திரும்பியதுமே கை அவன் பேச்சைக் கேட்காமல் போய்விடும். வேண்டுமென்றே படத்தைப் பார்க்காமல் தொடுகிறான், கவனமில்லை என்று நினைப்போம். கவனம் இருக்கிறது, உடம்புதான் விடவில்லை. படங்களை அவன் உடம்புக்கு நேராக நடுக்கோட்டில், மேலும் கீழுமாக வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

கை எட்டும் இடத்தை அளக்க ஒரு விளையாட்டு போதும். தட்டுப்பலகையில் அங்கங்கே அவனுக்குப் பிடித்த தின்பண்டத் துண்டுகளையோ வளையலையோ வையுங்கள். கை எங்கே சிரமமில்லாமல் விழுகிறது, எங்கே போகும்போது உடம்பு முறுக்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் பாருங்கள். வலிப்பு மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் மருந்துக்கு அப்புறம் வருகிற தூக்க நேரத்தைத் தவிருங்கள். முதல் படங்கள் கை லேசாக விழுகிற இடங்களுக்குத்தான் போக வேண்டும், நமக்கு அழகாகத் தெரிகிற இடத்துக்கு இல்லை. விரல்தான் வேண்டும் என்றில்லை. முஷ்டி, மணிக்கட்டு எதுவும் சரி. படம் ஒரு இட்லி அளவு பெரிதாக இருந்தாலும் தப்பில்லை. ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். நம் கை இருட்டில் சுவிட்சைத் தேடிப் போவதுபோல், அவன் கையும் இடத்தை வைத்துத்தான் சொல்லைப் பிடிக்கும். புதிது சேர்க்க வேண்டுமென்றால் காலி இடத்தில் சேருங்கள். அதற்காக முதலிலேயே காலிக் கட்டங்கள் விட்டு வையுங்கள்.

முக்கியமானது, பொறுமை. முறுக்கம் உள்ள பிள்ளைக்கு, செய்ய நினைத்த கணத்தில்தான் முறுக்கம் அதிகமாகும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை மெதுவாக எண்ணுங்கள். நாம் இரண்டாம் நொடியில் 'என்னடா, சொல்லு' என்று மறுபடி கேட்கும்போது, பாதி வழி வந்த கை திரும்பிப் போய்விடுகிறது.

கையே சரிவராத நாள்களுக்குக் கண் இருக்கிறது. நடுவில் சதுரமாக வெட்டிய தெளிவான அக்ரிலிக் தட்டின் நாலு மூலையிலும் படம் ஒட்டி, அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவன். அவன் பார்வை எந்த மூலைக்குப் போகிறது என்பது உங்களுக்கு நேராகத் தெரியும். பேனர், பெயர்ப்பலகை செய்கிற கடையில் தட்டு வெட்டித் தருவார்கள். ஆனால் கண்ணை நம்புவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்குக் கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் காட்சியைச் சரியாகக் கையாளாது. படம் நெரிசலாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. கறுப்புத் துணி மேல் ஒற்றைப் பொருள் என்றால் தெரியும். மதுரையில் இருந்துகொண்டு இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை, அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுக்கவில்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது படம். ஒரு படம் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கிறது என்று புரிவதே பெரிய காரியம். ஜூடி டிலோச் என்ற உளவியல் ஆய்வாளர் 1987-இல் ஒரு சோதனை செய்தார். ஓர் அறை, அதே அறையின் சின்ன மாதிரி. மாதிரி அறையில் குட்டி பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, நிஜ அறையில் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு முடியவில்லை. ஆனால் மாதிரி அறைக்குப் பதிலாகப் படத்தைக் காட்டியபோது அதே வயதுப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். குட்டி பொம்மை தன்னளவிலேயே விளையாட்டுப் பொருளாக இருப்பதால், அது வேறொன்றைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்வது சின்னக் குழந்தைக்குச் சிரமம். பிளாஸ்டிக் வாழைப்பழம் படத்தைவிடச் சுலபம் என்று வாங்கிக் குவிக்கிறார்களே, அது எப்போதும் சரியில்லை. நிஜ டம்ளர், அல்லது அந்த டம்ளரின் போட்டோ என்று போவது நல்லது. போட்டோவில் பின்னணி வெறுமையாக இருக்கட்டும்.

என்ன சொற்கள்? இட்லி, தண்ணி, டாய்லெட் என்று சாப்பாட்டுப் பட்டியலாகவே எல்லோரும் பலகை செய்கிறார்கள். அப்படி ஒரு பலகையை எனக்குக் கொடுத்தால் நானும் தூங்கிவிடுவேன். வேணும், வேணாம், இன்னும், போதும், வா, போ, என்னது, நான், நீ: இவை எங்கும் உதவும். இரண்டோ நாலோ படத்தோடு தொடங்கினாலும் அதில் 'வேணாம்' இருந்தே ஆக வேண்டும். மறுக்கத் தெரிந்தால் பிள்ளையின் அழுகையே பாதி குறையும். பேசிக்கொண்டே நீங்களும் அந்தப் படங்களைத் தொடுங்கள். "போதுமா? போதும்" என்று நீங்கள் தொட்டுக் காட்டுவதுதான் அவனுக்குப் பாடம். அவன் திருப்பித் தொடுவதற்கு மாதங்கள் ஆகலாம்.

பக்கம் பக்கமாகப் பிரித்து 'உணவு', 'விலங்கு', 'உடை' என்று அடுக்குவது பெரியவர் புத்தி. நாலு வயதுக் குழந்தை உலகத்தை அப்படி அடுக்குவதில்லை, நடந்த சம்பவமாக அடுக்குகிறது. அதனால் குடும்பப் போட்டோ ஒன்றையே பலகையாக்கலாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மாமா தோளில் அவன் உட்கார்ந்திருக்கிற போட்டோ இருந்தால், அதில் குதிரையைத் தொட்டால் 'சாமி', பீய்ச்சுகிற தண்ணீரைத் தொட்டால் 'நனைஞ்சுட்டேன்', மாமாவைத் தொட்டால் 'மாமா, தூக்கு'. இளம் குழந்தைகளுக்குக் கட்டம் கட்டமான பக்கங்களைவிட இந்த மாதிரிக் காட்சிப்படம் சுலபம் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆமாம், இல்லை என்பதிலும் வரிசை உண்டு. 'பால் வேணுமா?' என்பதற்குப் பதில் முதலில் வரும். 'இது நாயா?' என்பதற்கு உண்மை பொய் பார்த்துச் சொல்வது பிற்பாடுதான் வரும். இரண்டாவதில் தவறினான் என்பதற்காக முதலாவதை நம்பாமல் விட்டுவிடாதீர்கள். அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பலகை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக வாயால் கேட்க வேண்டும். "தோசையா? ... பணியாரமா? ... வேற ஏதாச்சுமா? ... ஒண்ணும் வேணாமா?" ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும், அவன் கண்ணை உயர்த்தினால் 'ஆமா'. கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அது கேள்வியே கிடையாது, திணிப்பு.

நீங்கள் கேட்ட ஆப்: சென்னையில் உருவான ஆவாஸில் தமிழும் இருக்கிறது, நல்ல ஆப். ஆனால் காகிதப் பலகையில் எங்கே, எவ்வளவு பெரிதாக வைத்தால் வருகிறது என்று கண்டுபிடித்த பிறகு அதே அமைப்பைத் திரையில் போடுங்கள், பணமும் வீணாகாது. திரையைச் சாய்த்து நிறுத்த ஸ்டாண்டு வேண்டும். ஐபேடாக இருந்தால் விரல் எவ்வளவு நேரம் பட்டால் தொடுதல் என்று கணக்கு வைக்கும் அமைப்பு செட்டிங்கிலேயே உண்டு. கை உரசிப்போவதெல்லாம் பேச்சாகாமல் தடுக்கும். கட்டத்துக்குக் கட்டம் துளையிட்ட மூடியைத் திரைமேல் வைத்தாலும் கை வழுக்காது. குரலைப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பதிய வையுங்கள், மதுரைப் பேச்சிலேயே.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ முழங்கையையோ பிடித்து எழுத்துப்பலகையில் நகர்த்தி, அல்லது பலகையை அவன் முன் பிடித்து ஆட்டி, 'பாருங்கள், வாக்கியமே எழுதுகிறான்' என்று காட்டுகிற முறைகள் உலவுகின்றன; ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் அதிகம். கையைப் பிடிக்கிற முறையில் எழுதுவது பிடித்திருக்கிறவர்தான் என்று சோதனைகளில் தெரியவந்தது; பலகையைப் பிடிக்கிற முறைக்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2018-இல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது. உட்காரத் தாங்கிப் பிடிப்பது வேறு, முதல் சில தடவை அசைவைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது வேறு. எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கிற கணத்தில் உங்கள் கை அவன்மேல் இருக்கக் கூடாது.

எங்கே போவது? ஆர்பிஎஸ்கே என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தில் வரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், 'டெய்க்' என்று சொன்னால் தெரியும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி, கண், காது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு அது. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை எடுத்திருக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா காப்பீட்டில் மூளை முடக்குவாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். பள்ளி வயது நெருங்குவதால் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரிடமும் பெயர் கொடுத்துவிடுங்கள்.

போகும்போது கை எட்டும் இடம் குறித்த அந்தத் தாளையும், அவன் ஏதாவது கேட்கிற, மறுக்கிற நேரத்தில் எடுத்த சின்ன வீடியோக்களையும் போனில் கொண்டு போங்கள். புது இடத்தில், புது முகத்துக்கு முன்னால் அவன் ஒன்றும் செய்து காட்ட மாட்டான். "சொல்வதெல்லாம் புரியும்" என்று நீங்கள் சொன்னால் தலையாட்டிக் கேட்பார்கள், வீடியோவைக் காட்டினால் குறித்துக்கொள்வார்கள்.